கோபர் கேஸ்: தரைக்கடியில் ஒரு வயிறு

[காட்சி: தொழுவம். ஒரு வாளி நிறையப் புதுச் சாணம்.]

குரல்: இந்த வாளியில் 10 கிலோ சாணம் இருக்கிறது. ஒரு மாடு ஒரு நாளில் போடுவது ஏறக்குறைய இவ்வளவுதான். வரட்டி தட்டினால் புகைந்து எரிந்து சாம்பலாகும். காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் சுமார் 400 லிட்டர் எரிவாயு, அதாவது கோபர் கேஸ், தரும், அதன் பிறகும் உரமாக மிஞ்சும்.

[காட்சி: மண்ணுக்கடியில் உள்ள கலனின் குறுக்குவெட்டுப் படம்.]

குரல்: இது தீனபந்து மாடல், 1984-இல் இந்தியாவில் வந்தது. செங்கல் குவிமாடம்தான், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. உச்சியில் வாயு சேரச் சேர, கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்குள் ஏற்றும். அடுப்பு வால்வைத் திறந்தால், ஏறி நிற்கும் கரைசலின் எடை வாயுவைத் தள்ளிவிடும்.

[காட்சி: கலவைத் தொட்டியில் கை பிசைகிறது. மிக அருகில்.]

குரல்: நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர். அள்ளினால் தோசை மாவு போல விரலிடுக்கில் வழிய வேண்டும். தண்ணீர் கூடினால் மண் அடியில் தங்கும், நார் மேலே மிதந்து ஏடு கட்டும், வாயு அதற்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும். வைக்கோலையும் கல்லையும் பொறுக்கி எறிய ஐந்து நிமிடம்தான் ஆகும். அதற்குச் சோம்பினால் கலனைத் திறந்து வாரும் வேலை வந்து சேரும்.

[காட்சி: அனிமேஷன். இரண்டு நிறங்களில் நுண்ணுயிர்கள்.]

குரல்: உள்ளே இரண்டு கூட்டம். ஒன்று உணவை அமிலமாக்கும், வேகமானது. மற்றொன்று அந்த அமிலத்திலிருந்து எரியும் வாயுவான மீத்தேன் தயாரிக்கும், மெதுவானது; மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடு வந்தது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும்? முதல் கூட்டம் அமிலத்தைக் குவித்துவிடும். பி.எச். (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6.5-க்குக் கீழே போனால் இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். புளித்த நாற்றம் வரும், அடுப்பு பற்றாது. சில நாள் எதுவும் போடாமல் விட்டு, பிறகு சாணத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஃபினாயில் ஊற்றித் தொழுவம் கழுவிய தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது.

[காட்சி: அடுப்பு. சுடர் துள்ளுகிறது.]

குரல்: சுடர் துள்ளினால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. வாயுவோடு வரும் ஈரம் குளிர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும், அங்கே ஒரு வடிகால் வால்வு வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னரின் காற்றுத் துளையைக் கூடத் திறங்கள். வீட்டு சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள்; இந்த வாயுவுக்கு அழுத்தமும் வெப்பமும் குறைவு, வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும்.

[காட்சி: வகுப்பறை. 20 லிட்டர் தண்ணீர் கேன், ஸ்கூட்டர் டியூப்.]

குரல்: பள்ளியில் செய்ய 5 கிலோ சாணம், 5 லிட்டர் தண்ணீர் போதும். மூடியில் ஹோஸ் செருகி எம்-சீல் பூசி, டியூபோடு இணைத்து வெயில் படும் இடத்தில் வையுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். முதலில் சேரும் வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். அதில் காற்று கலந்திருக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். சோதிக்கும்போது டியூபைக் கேனிலிருந்து கழற்றித் தள்ளி எடுத்துப்போய், ஆசிரியர்தான் பற்றவைக்க வேண்டும்.