தகப்பன் வேடத்திலிருந்து தப்பித்த குரல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஓபரா பயின்றவர் பாப் குழுவில் சேர்வது வளர்ச்சியா, வீழ்ச்சியா?" என்பது தலைப்பு. ஓபரா என்றால் கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஓபராக் குரலில் பாப் பாடும் இல் டிவோ என்ற நால்வர் குழுவைச் சுட்டிக்காட்டி, "பல்லாண்டு சாதகம் செய்த குரலுக்குக் கோட்டு மாட்டிக் கடையில் வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். வாக்கியம் நன்றாக இருந்தது, வழக்குத்தான் நிற்கவில்லை.

கோட்டை ஒப்புக்கொள்கிறேன். சைமன் கவல் என்ற தயாரிப்பாளர் தேடிப் பிடித்து நால்வரைச் சேர்த்தார்; அர்மானி சூட்டும் மாட்டிவிட்டார். 2004இல் முதல் ஆல்பம் வந்தது. பாட்டெல்லாம் ஒரே அச்சு என்பதும் பாதி உண்மைதான். மெதுவாகத் தொடங்கும், கடைசியில் சுருதி ஏறும், நால்வரும் சேர்ந்து கூரையைத் தூக்குவார்கள். நாலாவது பாட்டில் எனக்கே கொட்டாவி வரும். ஆனால் நண்பரே, இன்றைய வழக்கு பாட்டின் மேல் இல்லை, பாடகரின் மேல்.

அந்த நால்வரில் கார்லோஸ் மரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறந்து மாட்ரிட்டுக்குக் குடிபெயர்ந்த ஸ்பானியர். எட்டு வயதில், இத்தாலிய ஓபரா மேதை கருசோவின் பெயரில், 'குட்டி கருசோ' என்று இசைத்தட்டு வெளியிட்ட பிள்ளை. வளர்ந்தபின் அமைந்தது பாரிடோன், அதாவது ஆண்குரலில் நடுத்தரமான குரல். ஓபராவில் பாரிடோனின் தலையெழுத்து தெரியுமா? காதலி, உச்சஸ்தாயி ஆண்குரலான டெனருக்கு. பாரிடோனுக்கு அந்தக் காதலைப் பிரிக்கும் தகப்பன் வேடம், தப்பினால் வில்லன் வேடம். 'லா டிராவியாட்டா' ஓபராவில் காதலன் ஆல்ஃபிரெடோ டெனர். "என் மகனை விட்டுவிடம்மா" என்று வந்து நிற்கும் ஜெர்மோன் பாரிடோன். கதையின் நாயகனாகவே ஆனாலும், 'செவில் நகர நாவிதன்' ஓபராவில் ஃபிகாரோ அடுத்தவர் காதலுக்கு ஏணி வைத்துக் கொடுக்கிறார். நிஜமாகவே ஏணி! அதையும் ஒருவர் எடுத்துப் போய்விடுகிறார். இல் டிவோவில்தான் நடுமேடையில் நின்று காதல் வரியைத் தன் வரியாகவே ஒரு பாரிடோன் பாடினார். இது வீழ்ச்சியா?

"மைக் பிடிப்பவனுக்கு ஓபரா பயிற்சி எதற்கு?" என்றும் எதிரணி நண்பர் கேட்டார். ஓபராப் பாடகர் மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசையைத் தொட வேண்டும். வாத்தியங்களின் பலம் குறையும் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கமாகக் குரலைக் கூர்தீட்டி வைத்திருப்பார். அதே குரலை உதட்டருகே இருக்கும் மைக்கில் அப்படியே விட்டால் காது கிழியும். ஆகவே அதிர்வை அடக்கி, பக்கத்தில் நிற்பவரின் குரலோடு கரைந்து, முணுமுணுப்பிலும் சுருதி சேர்ந்திருக்க வேண்டும். உரக்கப் பாடுவதைவிட இது எவ்வளவு கடினம் என்று சாதகம் செய்கிறவர்களைக் கேளுங்கள். உச்சத்துக்குப் போகும் நொடியில் பாடகரின் கை மைக்கைத் தானாக ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறதே, பயிற்சி வீணாகவில்லை என்பதற்கு அந்தக் கையே சாட்சி.

இல் டிவோவில் இன்னொருவர், டெனர் டேவிட் மில்லர். 2002இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் 'லா போயெம்' ஓபரா அரங்கேறியபோது வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஒரு டெனரின் தொண்டை தாங்காது என்று காதலன் ரொடோல்ஃபோ வேடத்துக்கு மூவரை வைத்திருந்தார்கள். மில்லர் அவர்களில் ஒருவர். நால்வர் ஒரு பாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் குழுவில் தொண்டையாவது பிழைக்கும், ஐயா!

கடைசியாக ஒன்று. 2021 டிசம்பரில், பிரிட்டனில் சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்தபோது, மான்செஸ்டரில் மரின் காலமானார். வயது 53. குழுவில் ஓர் இடம் காலியானது. ஓபரா பயிற்சி இல்லாமல் பாப் பாடகராகவே வந்த செபாஸ்தியன் இசாம்பார் ஏற்கெனவே அங்கே இருந்தார். அப்படி இன்னொருவரைச் சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவர்கள் கூப்பிட்டது யாரை? ஸ்டீவன் லாப்ரி என்ற அமெரிக்கரை. அவரும் ஓபரா பயின்ற பாரிடோன். சூட்டு மாட்ட ஆள் தேடியவர்கள் எதற்காக ஓபரா மேடைப் பக்கம் போனார்கள் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அமர்கிறேன்.