பத்து ரூபாய்க் காசும் பூட்டிய கதவும்

(எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் கோவில் திடலில் பேசியது. மேடையில் மணியடித்து உட்கார வைத்துவிட்டதால் விட்டுப்போனதில் கொஞ்சத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, தலைவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ரைஸ்மில் ஐயா அவர்களே, இடப்பக்கம் அமர வேண்டிய, ஆனால் "பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்" என்று ஒரு மணி நேரத்துக்கு முன்பு போன் செய்த வார்டு உறுப்பினர் அவர்களே, மூன்று நாளாகப் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் அலைந்த தம்பிகளே, கோலப் போட்டியில் பரிசு வாங்கியவர்களே, பரிசு வாங்காமல் இன்னும் கோபத்தோடு பின்வரிசையில் இருக்கும் அம்மணிகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் இதே மேடையில் ஒருவரை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஆறு மாதம், என்னைக் கண்டால் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அவரும் இதோ முன்வரிசையில் இருக்கிறார். பால் சொசைட்டி முன்னாள் செயலாளர் அவர்களே, வணக்கம். போதுங்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் விழாக் குழுவினர் வழக்கமான பட்டிமன்றம் வேண்டாம், மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, ஆளுக்கொரு கருத்து சொல்லுங்கள், ஆனால் ஊரில் பத்துப் பேர் ஒத்துக்கொள்ளாத கருத்தாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் சிரமமே இல்லை. என் கருத்தை என் வீட்டிலேயே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஒன்றுக்கு நாலாகக் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, பந்தியில் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம். இரண்டு, தினமும் காலையில் பூப்படம் போட்டு வருகிற காலை வணக்கம். மூன்று, நேரத்துக்கு வருவது. நான்கு, அரிசியும்பருப்புச் சாதத்துக்கு நெய்யா, தேங்காய் எண்ணெயா. நாலாவதைச் சொன்னால் இங்கே அடிதடி ஆகும் என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஒன்று சொல்லும்: "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" அடுத்த வீட்டுச் சண்டை முதல் ஆட்சி மாற்றம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதுக்கு இந்த ஒரே பழமொழிதான். எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இன்னும் இரண்டு தடவையாவது சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், நாற்காலி. ஒருவர் ரசத்துக்கு வந்திருப்பார், பின்னால் நிற்கிறவர் கை அவர் நாற்காலியில் இருக்கும், கண் அவர் இலையில் இருக்கும். மோர் வாங்கலாமா வேண்டாமா என்று நமக்கே ஒரு பயம் வந்துவிடும். "விருந்தோம்பல் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது" என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். பின்னால் நிற்பவர் மூச்சு கழுத்தில் படுகிறபோது எந்த ஒப்பிட்டு, அதாங்க போளி, தொண்டையில் இறங்கும்? இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நிறுத்தச் சொல்கிறேன், அவ்வளவுதான். நிறுத்த மாட்டீர்கள் என்றும் தெரியும்.

ஊர் ஒத்துக்கொள்ளாத கருத்து என்றால் நம் பக்கத்துக்கு அது புதிதா என்ன? இங்கிருந்து பஸ் ஏறினால் ஈரோடு. அங்கேதான் 1925-ல் பெரியார் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கினார். அவர் சொன்னதை ஏற்கிறவர் இந்தக் கூட்டத்தில் உண்டு, ஏற்காதவரும் உண்டு, இரண்டு பேருமே என் சொந்தக்காரர்கள். ஆனால் கல்லும் செருப்பும் பறந்து வந்த மேடையில் நின்றுகொண்டு, நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேசிய மனிதர் அவர். இப்போது நம் செல்போனில் வருகிற செய்தி எதுவாவது அப்படிச் சொல்கிறதா? "உண்மையான தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு" என்கிறது. நாமும் பதினொரு பேருக்கு அனுப்புகிறோம்.

முன்பெல்லாம் வதந்திக்கும் ஒரு வேகத்தடை இருந்தது. 1942-ல் ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபிறகு, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் பேப்பர் புரிய ஆரம்பித்தது. டீக்கடையில் ஒரு பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். நம் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான், தேங்காய் பன் ஒரு கையில், பேப்பர் ஒரு கையில். ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர் "அட, அப்படிப் போட்டிருக்காது, சரியாப் பாருங்க" என்பார். அந்தச் "சரியாப் பாருங்க" இருக்கிறதே, அதுதாங்க முக்கியம். எதிரில் ஆள் இருந்தால் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும்.

இதற்கு ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது. நீளமாகப் போகும், தலைவர் ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்.

என் மாமா ஒருவர், அம்மாவுடன் பிறந்தவர், பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு பேச்சு கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். யார் கிளப்பினார்கள் என்று கேட்டால் பேக்கரிக்காரர் பஸ்காரரைக் காட்டுவார், பஸ்காரர் மளிகைக் கடையைக் காட்டுவார், மளிகைக் கடைக்காரர் "எல்லாரும் சொல்றாங்கல்லங்க" என்பார். எங்கள் ஊரில் அந்தக் காசை வாங்கிய ஒரே கடை என் மாமா கடை. அதனால் என்ன ஆயிற்று? ஊரில் யார் கையில் பத்து ரூபாய்க் காசு மாட்டினாலும் நேராக அங்கே வந்து ஒரு கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வருஷத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் மூன்று நிறைந்துவிட்டது. அவரிடமிருந்து வாங்கத்தான் ஆளில்லை.

2018 தை மாதம். ஒன்றுவிட்ட அண்ணன் மகள் கல்யாணம். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. மொய் எழுதுகிற மேசைக்குப் போய்ப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். 101 காசு, 1010 ரூபாய். ஒரு காசு உருண்டு வாழைமரத்தடிக்குப் போய்விட்டது, அதை எடுக்க ஒரு பையன் ஓடினான்.

மொய் எழுதியவர் பெண் வீட்டுக்குப் பங்காளி. பேனாவை மூடி வைத்துவிட்டார். "மாமா, இது செல்லாதுங்க." மாமா கேட்டார், "யாரு சொன்னா?" "எல்லாருமே சொல்றாங்க." "எல்லாரும்னா பேரு சொல்லுங்க, நான் போய்க் கேட்டுக்கறேன்." பின்னால் வரிசை சேர்கிறது. வரிசையில் இருந்த ஒருவர் அறிவாளி. அவர் சொன்னார், "எல்லாக் காசும் செல்லாதுன்னு இல்லீங்க. மேல பத்துக் கோடு இருக்கிறது செல்லும், பதினஞ்சு கோடு இருக்கிறது கள்ளக்காசு." இன்னொருவர், "இல்லீங்க, ரூபாய்க் குறி இருந்தா நல்லது, இல்லாட்டி செல்லாது." மாமா விடுவாரா? "அப்படியா, சரி, எண்ணிடலாம்" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். நூற்றியொரு காசிலும் கோடு எண்ணுகிறார்கள், சுற்றி நாலு பேர் செல்போன் லைட் அடிக்கிறார்கள். வரிசை மண்டப வாசலைத் தாண்டி செருப்பு விடுகிற இடத்துக்குப் போய்விட்டது. பந்தியில் பரிமாற ஆளில்லை, எல்லாரும் இங்கே. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்கு நிற்கிறார்கள், போட்டோக்காரரும் இங்கே.

அப்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: "ரிசர்வ் வங்கியே இந்த மாசம் அறிக்கை விட்டிருக்குது. பத்து ரூபாய்க் காசு 14 வடிவத்தில் அடிச்சிருக்காங்க, எல்லாமே செல்லும்னு பேப்பரில் வந்தது." அது உண்மைதான். காசு முதலில் வந்தபோது ரூபாய்க் குறியே கிடையாது. குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010-ல், அதற்குப் பிறகுதானே காசில் போட முடியும்? வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் மொய்ப் பங்காளி, "பேப்பரைக் காட்டுங்க, எழுதிக்கறேன்" என்றார். நியாயமான பேச்சு. பேப்பர் எங்கே இருக்கும்? நூலகத்தில் இருக்கும். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். வாழைமரத்தடியில் காசு பொறுக்கிய அதே பையனை ஓடவிட்டோம். மூச்சு வாங்கத் திரும்பி வந்து சொன்னான்: "பூட்டியிருக்குதுங்க."

மணி ராத்திரி ஏழரை.

கடைசியில் யார் தீர்த்து வைத்தார்கள் தெரியுமா? டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, எனக்குச் சில்லறைதான் வேணும், இப்படிக் கொடுங்க" என்று 1010 ரூபாயை நோட்டாகக் கொடுத்துவிட்டுப் பையோடு போய்விட்டார். மொய் எழுதப்பட்டது. ஆனால் அந்தப் பங்காளி நோட்டில் மாமா பெயருக்கு நேராக "1010 (காசு)" என்று எழுதிவிட்டார். மாமாவுக்கு அந்த "காசு" இன்றுவரை ஆறவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாமா பேத்திக்குக் காதுகுத்து. அதே பங்காளி வந்தார். அவர் கையிலும் ஒரு மஞ்சப்பை. 102 காசு. மாமா ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார், கோடு மட்டும் எண்ணவில்லை.

சிரிக்கிறீர்கள், நல்லது. நான் சொல்ல வந்தது மாமாவைப் பற்றி இல்லை. அந்தப் பூட்டைப் பற்றி.

எங்கள் ஊர்க் கிளை நூலகம் திறந்திருக்கிற நேரத்தில் ஊரில் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் பனியன் கம்பெனியில், மீதிப் பேர் தறியில். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நூலகத்தில் விளக்கு அணைந்து வெகு நேரம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது திறக்கிறார்கள், அப்பா அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வரலாம் என்கிற நேரத்தில் மூடுகிறார்கள். நூலகர் மேல் குறை சொல்லவில்லை, அந்த அம்மா ஒரே ஆளாக எல்லாம் பார்க்கிறார், அவருக்கும் வீடு இருக்கிறது. நேரத்தை மாற்றுங்கள், இன்னொரு ஆளைப் போடுங்கள் என்கிறேன்.

இது யாரோ போடுகிற தர்மம் இல்லீங்க. சுதந்திரம் வந்த மறுவருஷமே, 1948-ல், நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும், ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிறவர் நூறு ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். கட்டிவிட்டு, பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தஞ்சாவூர்ச் சீமை மாடு புத்தகத்தை இழுத்திருக்கிறது! காங்கேயம் காளையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? அதோடு நின்று செல்பி எடுக்கிறோம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அம்மாயி கேட்டது. மூட வேண்டாமே! பேசட்டும். பேசுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள ஒரு பேப்பரும், அதைத் திறந்து வைக்க ஒரு விளக்கும் கேட்கிறேன். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார், தெரிகிறது. இரண்டாவது விஷயம், காலை வணக்கம்: ரோட்டில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர் போனில் மட்டும் ஏன் தாமரைப் பூ அனுப்புகிறார் என்பதுதான் என் கேள்வி, பதிலை நூலகம் திறந்தபிறகு அங்கே வைத்துப் பேசலாம். மூன்றாவது, நேரம். இதற்கு ஜி.டி.நாயுடுவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று எழுதி வந்தேன். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஆரம்பித்தவர், நேரத்துக்குப் பேர்போனவர். ஆனால் இதோ, வார்டு உறுப்பினர் இப்போதுதான் வந்து இறங்குகிறார், அவர் எதிரில் அதைப் பேசுவது மரியாதை இல்லை. வாங்க ஐயா, வணக்கம், உங்கள் நாற்காலி அப்படியே இருக்கிறது. நல்ல வேளை வந்தீர்கள், உங்களிடம்தான் மனு கொடுப்பதாக இருந்தோம்.

மேடைக்குப் பக்கத்தில், பொங்கல் பானைக்கு அந்தப் பக்கம், ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நூலக நேரத்தை மாற்றக் கேட்டுக் கையெழுத்து. பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறோம், போன தடவை பேனா போய்விட்டது. இதுவரை 63 கையெழுத்து. அதில் மூன்று என் வீட்டில் போட்டது, என் கருத்தை அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான். நெய்யா எண்ணெயா என்கிற நாலாவது விஷயத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஐயா, நீங்களும் மேலே தலைமைக் கையெழுத்தாக ஒன்று போட்டுவிட்டால் நன்றாக இருக்கும், அதற்காகவே முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சாப்பாடு தயார் என்கிறார்கள். போங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், நாற்காலிக்குப் பின்னால் நிற்காதீர்கள். யாருக்காவது சில்லறை வேண்டுமென்றால் மாமா மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பை மடியிலேயே இருக்கிறது.