இடம் கொடுத்தால் மடம்

பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். கடலே இல்லாத காரைக்குடியில் கடற்பாசிக்கு என்ன பேச்சு என்று முன்வரிசையில் ஓர் அண்ணன் கேட்டேவிட்டார். சரி, கண்மாயிலிருந்தே தொடங்குகிறேன்.

சீமைக்கருவேலம் எங்கே மண்டியது? ஆண்டுதோறும் உழுது விதைக்கிற வயலில் இல்லை. தரிசாகப் போட்ட புஞ்சையில், தூர்ந்த கண்மாயில். ஆள் குடியிருக்கிற வீட்டுச் சுவர் வெடிப்பில் ஆலங்கன்று தலைகாட்டினால் ஆச்சி மறுநாளே பிடுங்கிவிடுவார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதுவே வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும்.

கடலோரப் பாறையிலும் இதே வழக்குதான். பாசிக்கு முதலில் வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம், அப்புறம் வெளிச்சம். ஜப்பான் பக்கத்துப் பாசி ஒன்று, சர்காசம் மியூட்டிகம் என்று பெயர். மண்டபம் பக்கம் 'கட்டக்கோரை' என்கிறார்களே, அதற்குப் பங்காளி. வளர்ப்புச் சிப்பியோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. 1973-ல் இங்கிலாந்தின் வைட் தீவில் தென்பட்டது. ஆள் திரட்டிக் கையால் பிடுங்கிப் பார்த்தார்கள், மாளவில்லை, விட்டுவிட்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே செடியில். போதாததற்குக் காற்றுப்பைகள் வேறு. அறுந்த கிளை மிதந்துபோய் இன்னொரு கரையில் குடும்பம் தொடங்கிவிடும்.

இவ்வளவு சமர்த்தும் எல்லாப் பாறையிலும் பலிக்கவில்லை. அமெரிக்காவின் சான் ஹுவான் தீவுகளில், உள்ளூர்ப் பாசிகளை வகைவகையாக அகற்றிப் பார்த்தார்கள். நம் வீட்டு முட்டைப்பூச்சு மாதிரி பாறையோடு பாறையாகப் படிந்த பாசியும், கட்டையாகப் புல்போல அடர்ந்த பாசியும் வித்து ஒட்டவே இடம் தரவில்லை. தப்பி ஒட்டிய குஞ்சுச் செடியை, சற்று உயரமான பாசிகள் நிழலில் போட்டு வாட்டின. பந்தியில் இடம் பிடித்தாலும் இலையில் சோறு விழாத கதை. ஆகவே ஒரு வகை மட்டும் செழித்திருந்தால் போதாது. விருந்தாளியின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காவல்காரன் வேண்டும்.

காவலைக் கெடுப்பவர்களும் உண்டு. அதே தீவுகளில் கடல் முள்ளெலிகள் உள்ளூர்ப் பாசியை ருசித்துத் தின்கின்றன, வந்தேறியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இப்படி ஒரு திட்டு வெறுமையானால் போதும், வந்தேறி குடியேறிவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தெப்பத்தில் வளர்க்கிற கப்பாபைகஸ், மீனவர் வாயில் 'பெப்சிப் பாசி', வெளியூர்ச் சரக்கு. அது வித்துகளை நம்பியிருக்கவில்லை; உடைந்த துண்டே போதும், முளைத்துவிடும். 2008-ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். நல்ல வருமானம் தருகிற பயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் தெப்பத்தைத் தீவைவிட்டுத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். அடியை விட்டுப் பறித்தால் அது மறுபடி தழைக்கும். இரும்பு போட்டுச் சுரண்டினால் பாறை மொட்டை. அடுத்த பறிப்புக்காகத்தான் அடியை விடுகிறார்கள். அதற்குள் பாறையில் வேறு யாரும் குடியேறாமல் அந்த அடியே பார்த்துக்கொள்கிறது.