பழைய ரேஸ் சைக்கிள் வேலைக்குப் போக உதவுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் பழைய ரேஸ் சைக்கிள் பெரும்பாலும் மூன்று வழியில் கைக்கு வருகிறது. ஜப்பானில் இருந்து கொள்கலனில் இறங்கி, கடை வாசலில் நிற்கும் கூடை வைத்த சைக்கிள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு. வெளிநாட்டு உறவுக்காரர் சாமானோடு சாமானாக அனுப்பி வைத்தது. ஆசைக்கு வாங்கி, முதுகு நொந்து, சுவரில் சாத்தி வைத்த ஒருவர் விற்பது. எந்த வழியில் வந்தாலும், சைக்கிளைப் பார்க்குமுன் நீங்கள் போகிற பாதையைப் பார்க்க வேண்டும்.

கல்லடியில் இருந்து நகரத்துக்குள் வேலைக்கு வருகிறவருக்கு ரேஸ் சைக்கிள் தேவையில்லை. நாலு கிலோமீற்றரைச் சாதாரண சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் 16 நிமிடம். ரேஸ் சைக்கிளில் அதே மூச்சுக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரும் என்று வைத்தாலும் 12 நிமிடம். மிச்சமாகும் நாலு நிமிடத்தை, சைக்கிளைப் பூட்ட நல்ல தூண் தேடுவதிலேயே செலவழித்துவிடுவீர்கள். தூரம் 12 கிலோமீற்றர் ஆனால் கதை வேறு. 48 நிமிடம் 36 ஆகும், போக வர 24 நிமிடம் மிஞ்சும். ஏறாவூர்ப் பக்கம் இருந்து நகரத்துக்கு வருகிறவரும், களுவாஞ்சிகுடியில் இருந்து கல்முனைக்குப் போகிறவரும் யோசிக்கலாம். எட்டுக் கிலோமீற்றருக்குக் குறைவென்றால் என் ஓட்டு ஜப்பான் கூடைச் சைக்கிளுக்குத்தான்.

நமது தரை தட்டை. பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் 20 கியர், 22 கியர் என்று விற்பவர் சொல்வதற்கு இங்கே பெரிய பெறுமதி கிடையாது. ரேஸ் சைக்கிள் இங்கே உதவுவது காற்றுக்கு. வாடையோ கச்சானோ முகத்தில் அடிக்கும்போது நிமிர்ந்து இருந்து மிதிப்பதும், கீழே வளைந்த ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்து மிதிப்பதும் ஒன்றல்ல. ஆனால் சேலையோடு வேலைக்குப் போகிறவர், பின்னால் பிள்ளையை ஏற்றுகிறவர், அரிசி மூட்டை கட்டுகிறவர், இந்த உரையை இத்தோடு விட்டுவிடலாம். குறுக்குப் பார் உள்ள பிறேம், பாரம் தாங்காத மெல்லிய சில்லு, இரண்டும் உங்களுக்கு ஒத்துவராது.

இனிச் சைக்கிள். கடையில் எல்லாரும் முதலில் கியரைத் தட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் டயரில் தொடங்குங்கள். டயரின் பக்கச் சுவரில் ஓர் எண் அச்சிட்டிருக்கும்: 25-622, அல்லது 32-630 என்பதுபோல. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றர். இந்த இரண்டாவது எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் பாதி அதில் இருக்கிறது.

622 என்றால் இன்றைய 700சி ரிம். அதற்கு டயர் இன்னும் பல வருடம் கிடைக்கும். 630 என்றால் பழைய 27 அங்குல ரிம். எட்டு மில்லிமீற்றர்தானே வித்தியாசம் என்று 700சி டயரை அதில் ஏற்ற முடியாது. மாறி 630 டயரை 622 ரிம்மில் ஏற்றினால் கழன்று விழும். ஆனால் 630 க்கு நம்மூரில் ஒரு வசதி உண்டு. ஜப்பான் கூடைச் சைக்கிள்களில் 27 இன்ட்டு ஒன்றே மூன்று எட்டு (27 x 1 3/8) என்று எழுதிய டயர் இருக்கிறதே, அதுவும் 630 தான். ரிம்மில் அழகாக உட்காரும். சிக்கல் அகலத்தில். அது 37 மில்லிமீற்றர், பழைய ரேஸ் பிறேமின் பிறேக்குக்குள் பெரும்பாலும் நுழையாது. அகலம் 32 இல் டயர் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் 630 ரிம் உள்ள சைக்கிளுக்கு விலை பேசுங்கள். 571 என்று கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். ரிம்மோடு பசை போட்டு ஒட்டிய போட்டி டயர் என்றாலும் அதே பதில். வழியில் காற்றுப் போனால் ஒட்டுப் போட ஒருவரும் அகப்படமாட்டார்.

அடுத்தது அகலம். ரேஸ் சைக்கிள்கள் பெரும்பாலும் 23 அல்லது 25 மில்லிமீற்றர் டயரோடு வருகின்றன. நெடுஞ்சாலைக் கார்ப்பெட்டில் அது ஓடும். கொங்கிறீற் ஒழுங்கையின் வெடிப்பிலும், படுவான்கரைக் கிறவல் வீதியிலும், வீதி ஓரத்தில் கடல் மணல் படிந்த இடத்திலும் அது ஓடாது. வேலைக்குப் போக 28 ஆவது வேண்டும், 32 என்றால் நல்லது. பிறேம் அதற்கு இடம் விடுமா என்று அளப்பது சுலபம். 23 டயரை எடுத்து 28 போட்டால் உயரம் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் கூடும், பக்கத்துக்கு இரண்டரை கூடும். அதற்குப் பிறகும் சுற்றிவர நாலு மில்லிமீற்றர் இடைவெளி நிற்க வேண்டும். இல்லையென்றால் ஈர மணல் ஒட்டிக்கொண்டு பிறேமை அரிக்கும். ஆகவே இப்போது டயருக்கு மேலே பிறேக்வரை ஒன்பது, பக்கங்களில் ஆறரை மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். அலன் கீ கட்டு ஒன்று கையில் இருந்தால் போதும். 5, 6, 8 என்று அளவு தெரிந்த கீகளை இடைவெளிக்குள் நுழைத்துப் பார்க்கலாம். பின் சில்லில் பெடலுக்குப் பின்னால் இரண்டு குழாய் நெருங்குகிற இடம்தான் முதலில் இடிக்கும். மட்காட் போட இன்னும் இடம் வேண்டும். ஐப்பசியில் இருந்து தை வரை மழைக்குள் வேலைக்குப் போகிறவருக்கு மட்காட் ஆடம்பரம் கிடையாது, முதுகில் சேற்றுக்கோடு இல்லாமல் கந்தோருக்குள் நுழைய அதுதான் வழி. பின் அச்சுக்குப் பக்கத்தில் மட்காட்டும் கரியரும் பூட்டத் துளை இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

காற்று அடிப்பதும் ஒரு விடயம். நமது சாதாரண சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வ். ரேஸ் சைக்கிளில் பெரும்பாலும் மெல்லிய பிறெஸ்ரா வால்வ். சந்திக் கடைப் பம் அதில் பிடிக்காது. மாற்றித் திருகும் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று வாங்கி வால்விலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற கணக்கில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்து அனுப்பினால், முதல் குழியிலேயே ரிம் விளிம்பு டியூபை நசுக்கும். டியூபில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சின்ன வெட்டு இருந்தால் காரணம் முள் அல்ல, காற்றுக் குறைவு. 70 கிலோ ஆளுக்கு 28 டயரில் முன்னால் 65 முதல் 70, பின்னால் 75 முதல் 80. 32 டயர் என்றால் முன்னால் 50, பின்னால் 60. மானி வைத்த நிலப் பம் ஒன்றின் விலையையும் சைக்கிள் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாரம் ஒருமுறை அடிக்க வேண்டிவரும்.

பிறேம் இரும்பா, அலுமினியமா, கார்பனா? கார்பனை விட்டுவிடலாம். கொள்கலனில் எது எதன்மேல் விழுந்தது என்று எவருக்கும் தெரியாது, உள்வெடிப்பு பெயின்றுக்கு வெளியே தெரியாமலும் இருக்கும். அலுமினியம் என்றால் ஒட்டுப் பற்றவைத்த இடங்களில் மயிர்போன்ற கோடு தேடுங்கள். இரும்பு பிறேம்தான் நம் ஊருக்குத் தோது. பிரிஜ்ஸ்டோன், மியாட்டா, பனசொனிக் போன்றவர்கள் செய்த பழைய இரும்பு ரேஸ் சைக்கிள்கள் உறுதியானவை. அதிலும் ஒரு சோதனை இருக்கிறது. ஹாண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். துணி மடிப்புப்போல நெளிவு தட்டுப்பட்டால் அது எங்கோ முட்டிய சைக்கிள். விலை என்னவானாலும் வேண்டாம்.

கடற்காற்று செய்யும் வேலை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்பு பிறேமுக்குள் அலுமினிய சீற் தண்டு இருந்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் ஒன்றாகப் பிடித்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி, சீற்றைத் திருப்பி, தண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே பாருங்கள். ஹாண்டில் தண்டுக்கும் அதே சோதனை. நகராத தண்டுள்ள சைக்கிள் உங்கள் உயரத்துக்கு அமையாது. அதைக் கழற்ற முயன்று பிறேமை நெளித்தவர்கள் அநேகர். வாங்கிய பிறகு தண்டில் கிறீஸ் பூசி இறக்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் திரும்பப் பூசுங்கள்.

செயினை அளக்க வீட்டில் இருக்கும் அடிமட்டம் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஆணி அந்தக் கோட்டைப் பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒன்று தாண்டியிருந்தால் பின்னால் இருக்கிற பல்லுச் சில்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும். இந்த ஒரு அளவு, பேரத்தில் உங்கள் பக்கம் நிற்கும்.

சில்லைச் சுழற்றிப் பிறேக் கட்டையைப் பார்த்தால் நெளிவு தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நெளிவு எடுக்கலாம். ஆனால் ஸ்போக் முனைகள் கறள் பிடித்து இறுகியிருந்தால் நெளிவெடுக்கப் போகும்போதே கம்பி முறியும். பிறேக் பிடிக்கும் ரிம் பக்கத்தில் அடிமட்டத்தின் விளிம்பை வையுங்கள். நடுவில் குழிவாக வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது, அதிகக் காற்றில் ஒருநாள் பிளக்கும். முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹாண்டில் போல்ஸின், அதாவது உள்ளே உருளும் குண்டுகளின், தளர்வு தெரியும். முன் சில்லை உயர்த்தி ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர் நிலையில் ‘டக்’ என்று நின்றால் அந்தப் போல்ஸ் உருளும் கிண்ணம் பள்ளம் விழுந்தது, மாற்றத்தான் வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வந்த சைக்கிள் என்றால் இன்னொன்று. இங்கும் ஜப்பானிலும் வலது கைப்பிடி முன் பிறேக். ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் வலது கைப்பிடி பின் பிறேக். தெரியாமல் ஏறி, மாடு குறுக்கே வந்த நேரம் பழக்கத்தில் இடது கையை இறுக்கினால் முன் சில்லு பூட்டி ஆள் தலைக்கு மேலால் போகும். கேபிளை மாற்றிப் பூட்டுவது சின்ன வேலை, முதல் நாளே செய்துவிடுங்கள்.

கியர் பற்றிச் சுருக்கமாக. பின்னால் 6, 7, 8 பல்லுச் சில்லு உள்ளதை எடுங்கள், அவற்றுக்குச் செயின் எளிதில் கிடைக்கும். 10, 11 என்றால் சாமான் கொழும்பில் தேட வேண்டும். பிறேக் கைப்பிடிக்குள்ளேயே கியர் மாற்றும் பழைய கைப்பிடிகள் உள்ளே கிறீஸ் உறைந்து பிடிக்காமல் நிற்கும். மெல்லிய எண்ணெய் விசிறி ஊறவிட்டால் பல வேளை உயிர் வரும், வராவிட்டால் புதிது வாங்குவது சைக்கிள் விலையையே எட்டும். பின்னால் இருந்து பார்க்கும்போது கியர் தொங்குகிற அலுமினியக் காது உள்ளே வளைந்திருந்தால் கவனம். அது சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு வடிவம், முறிந்தால் அதே காது கிடைப்பது அரிது.

இனி விலை. இரண்டு டயர், இரண்டு டியூப், ரிம் நாடா, செயின், நாலு பிறேக் கட்டை, கேபிள்கள், ஹாண்டில் நாடா. இவற்றின் விலையையும் பூட்டுக் கூலியையும் திருத்தும் கடையில் கேட்டு, கேட்ட தொகையை விற்பவர் சொல்லும் விலையோடு கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு மட்காட், லைற், கரியர், ஸ்ராண்டோடு ஒரு நல்ல ஜப்பான் கூடைச் சைக்கிள் வருமென்றால், தூரம் 12 கிலோமீற்றர் ஆனாலும் இரண்டாவது தடவை யோசியுங்கள். பின்னேரம் இருட்டி வீடு திரும்புகிறவருக்கு லைற் கணக்கில் சேர வேண்டும். நடுவீதியில் படுத்திருக்கும் மாடு கறுப்பென்றால் நிலவிலும் தெரியாது.

விருப்பம் முடிந்தால் பற்றுச்சீட்டு எழுதுங்கள். பிறேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும். அந்த எண், திகதி, தொகை, விற்பவரின் அடையாள அட்டை எண், இருவர் கையொப்பம். எண் இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால், காசை எடுக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.