ஜிக்குக்கும் ரப்பர் புழுவுக்கும் ஒரே ராட்: லேக் ஃபோர்க் கரையிலேர்ந்து

வணக்கம் மக்களே. காத்து அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பிப்ரவரி கடைசி, காலையில ஏழு மணி, விரலெல்லாம் மரத்துப் போச்சு. நான் நிக்கிறது லேக் ஃபோர்க். டல்லாஸ்லேர்ந்து கிழக்கால ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டணும். ஏரின்னு பேரு, ஆனா அணை கட்டித் தேக்குன தண்ணிதான். 1980ல தேங்க ஆரம்பிச்சது, 27,000 ஏக்கருக்கு மேல இருக்கு. அதோ, தண்ணிக்குள்ளேர்ந்து மொட்டை மொட்டையா நிக்குது பாருங்க, அதெல்லாம் தண்ணி ஏறும்போது வெட்டாம விட்ட மரம். தண்ணிக்கு அடியில இதைவிட எத்தனையோ மடங்கு கெடக்கு. நாம தேடுற மீன் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்.

லார்ஜ்மவுத் பாஸ். ஊர்ல மாமாகிட்ட ஃபோன்ல "பாஸ் புடிக்கப் போறேன்"னேன். "அவரு என்னடா தப்பு பண்ணாரு"ங்கிறார். அவருக்கு ஒரே வரியில வெளக்கினேன்: மாமா, இது அமெரிக்க விரால். அறிவியல்படி ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. ஆனா பாசிக்குள்ள, கட்டை ஓரத்துல பதுங்கி நின்னு, பக்கத்துல போறத ஒரே வாயில உறிஞ்சுற பழக்கம் அப்படியே விராலுதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரே ஒரு ராட், அதான் தூண்டில் கழி, வாங்கத்தான் காசு இருக்கு, ஜிக் போடணும், ரப்பர் புழுவும் போடணும் (ரெண்டும் போலி இரை), அப்ப என்ன வாங்குறது?

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் தாமிரபரணி கரையில தூண்டில் போட்டு வளந்தவன். மூங்கில் கழி, தங்கூசி, ஈயக்குண்டு, மண்புழு, நடுவுல மயிலிறகுத் தண்டுல ஒரு தக்கை. கண்ணு பூரா தக்கை மேலதான் இருக்கும். அது முங்குனா இழு, அவ்வளவுதான் வித்தை. கழி எப்படி இருந்தா என்ன? எவன் கழியைப் பத்திக் கவலைப்பட்டான்?

இங்க தக்கை கிடையாது. ஜிக்குங்கிறது என்னன்னா, முள்ளோட கழுத்துல ஈயத் தலை, அதைச் சுத்தி ரப்பர் நூல் பாவாடை, முள்ளு நுனி மரத்துல மாட்டாம இருக்க முன்னாடி ஒரு நார்க் குச்சம், பின்னாடி ஒரு பிளாஸ்டிக் வாலு. நண்டுக்கும் இறாலுக்கும் நடுவுல இருக்குமே, அந்த க்ராஃபிஷ் மாதிரி அடித்தரையில தத்தித் தத்திப் போகணும். அது பத்தடி ஆழத்துல, கலங்கல் தண்ணியில கெடக்கு. உங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. மீன் அதை உறிஞ்சிட்டு, பிளாஸ்டிக்னு புரிஞ்ச ஒடனே துப்பிடும். அந்த நேரத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சாகணும். எது சொல்லும்? ராட்தான் சொல்லும். இங்க ராட்தான் தக்கை. நான் இன்னிக்குச் சொல்லப் போறது பூரா இதுக்குள்ள அடங்கிடும்.

அதனாலதான் காசை ரீல்ல, அதாவது லைனை, தூண்டில் நூலைச் சுத்துற சக்கரத்துல, கொட்டாதீங்கன்னு சொல்றேன். கடையில ரீலுதான் பளபளன்னு மின்னும், எட்டு பேரிங் பத்து பேரிங்னு எழுதியிருப்பான். ஜிக்குக்கு ரீல் செய்யுற வேலை என்ன? தொங்கலா கெடக்குற லைனைச் சுத்திக்கும், மீன் மாட்டுனா இழுக்கும். சுமாரான ரீல் போதும். 200 டாலர் இருக்கா, 130 ராடுக்கு, 70 ரீலுக்கு. என் மச்சான் தலைகீழா வாங்கினான். இப்ப அந்த ரீலை என்கிட்ட விக்கப் பாக்குறான்.

இந்தாங்க, கிட்ட காட்டுறேன். கைப்பிடிக்கு மேல பொடி எழுத்துல இருக்கு பாருங்க. ஏழடி. மீடியம் ஹெவி. ஃபாஸ்ட். லூர், அதாவது போலி இரை, எட்டுல மூணு பங்கு அவுன்ஸ்லேர்ந்து ஒரு அவுன்ஸ், லைன் தாங்குற பலம் 12லேர்ந்து 20 பவுண்டு. ஒரே ராட்னா இதைத்தான் வாங்கச் சொல்லுவேன். இதுல மீடியம் ஹெவியையும் ஃபாஸ்ட்டையும் நெறைய பேரு ஒண்ணுன்னு நெனச்சுக் குழப்பிக்கிறாங்க. மீடியம் ஹெவின்னா வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கிறது. ஃபாஸ்ட்னா எந்த எடத்துல வளையும்ங்கிறது. ஃபாஸ்ட் ராட் மேல இருக்குற மூணுல ஒரு பங்குதான் வளையும், கீழ கம்பு மாதிரி நிக்கும். நுனி தென்னை ஈர்க்கு, அடி உலக்கைன்னு வச்சுக்கோங்க. ஈர்க்கு சேதி சொல்லும், உலக்கை முள்ளை ஏத்தும்.

முள்ளை ஏத்தணும்னு ஏன் சொல்றேன்னா, ஜிக் முள்ளு தடி முள்ளு. க்ராங்க் பெய்ட்னு மீன் மாதிரி செஞ்ச கெட்டியான போலி இரையில இருக்குற மூணு கொக்கி முள்ளு சன்னமா இருக்கும், மீன் அடிச்ச வேகத்துலயே தானா குத்திக்கும். அதுக்குக் கொழகொழன்னு வளையிற ராட்தான் நல்லது. ஜிக்குல மீன் தானா மாட்டாது, நாமதான் குத்தணும். ரப்பர் புழுவை டெக்ஸஸ் ரிக்ல போட்டா இன்னும் ஒரு வேலை கூட. முள்ளு நுனி புழுவோட ஒடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், மொதல்ல பிளாஸ்டிக்கைக் கிழிச்சுட்டு வெளிய வந்துதான் வாயில ஏறணும். என் மொதல் ராட் ரீலோட சேத்து 40 டாலருக்கு வாங்குனது, மீடியம், மாடரேட், அதாவது ஃபாஸ்ட்டைவிடக் கீழ வரைக்கும் வளையிறது. இந்த ஏரியிலதான், ஒரு நல்ல மீன் வாங்கிச்சு. ஓங்கி இழுத்தேன். ராட் கைப்பிடி வரைக்கும் வில்லா வளைஞ்சுது, மீன் சாவகாசமா வாயைத் தொறந்து ஜிக்கைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுச்சு. ராட் மேல தப்பே கிடையாது, அது வேற வேலைக்குச் செஞ்ச ராட்.

லூர் கணக்குல ஒரு சூட்சுமம் இருக்கு. அரை அவுன்ஸ் ஜிக்குன்னா 14 கிராம். அது தலையோட எடை மட்டும்தான். பாவாடையும் பிளாஸ்டிக் வாலும் சேந்தா இன்னும் ஏழெட்டு கிராம் ஏறிடும். ராட் தாங்குமான்னு பாக்கும்போது மொத்த எடையைப் பாருங்க. இன்னொண்ணு, ஒரு கம்பெனி மீடியம் ஹெவின்னு எழுதுறத இன்னொரு கம்பெனி ஹெவின்னு எழுதும். பொது அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. பேரைவிட அவுன்ஸ் எண்ணை நம்புங்க.

அப்புறம் ராட் மேல எழுதியிருக்குற இந்த ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 சமாச்சாரம். ஹெர்குலிஸ்னு ஒரு கம்பெனி தன்னோட கார்பன் இழைக்கு வச்ச பேரு அது. இப்ப ஆளாளுக்கு ஒட்டிக்கிறாங்க. அவன் எட்டு, இவன் ஆறு, அதனால அவன் ஒசத்தின்னு ஆகிடாது. கார்பன் எவ்வளவு விறைப்போ அவ்வளவு கொஞ்சமா போட்டாப் போதும். ராட் எடை கொறையும், அதிர்வு கைக்கு நல்லா வரும். ஆனா சுவர் மெல்லிசு. படகு ஓரத்துல ஒரு இடி வாங்குனா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, அடுத்த மாசம் மீனை இழுக்கும்போது டப்புனு போகும். அக்லி ஸ்டிக் மாதிரி ஃபைபர்கிளாஸ் கலந்த ராடைப் போட்டு அடிக்கலாம், ஒடையாது. பசங்களுக்கு அதைத்தான் வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா ஜிக்கோட கிசுகிசு அதுல அவ்வளவா கேக்காது.

கடைக்குப் போனா உங்க ரீலையும் எடுத்துட்டுப் போங்க. மாட்டிட்டு, ரீலுக்கு முன்னாடி ஒரு விரல்ல வச்சுத் தூக்குங்க. நுனி கீழ கவுந்துச்சுன்னா வேணாம். ஜிக் போடும்போது ராட் நுனியை நாள் பூரா தூக்கியே புடிக்கணும், சாயந்தரம் மணிக்கட்டு கழண்டுடும். அடுத்து லைன் போற வளையம். காது குடையுற பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்துங்க, பஞ்சு நூலு மாட்டுனா உள்ள கீறல் இருக்கு. கூரையில நுனியை அழுத்தி வளைச்சுப் பாக்குறாங்களே, அது மட்டும் வேணாம். மீன் அப்படி இழுக்கவே இழுக்காது.

லைன் பத்தி ஒரு வார்த்தை. ஊரு தங்கூசி நைலான், இழுத்தா நீளும். இவ்வளவு காசு போட்டு ராட் வாங்கிட்டு அதைச் சுத்துனா, ஃபோன்ல பேசும்போது வாயில துண்டைக் கட்டிக்கிட்ட மாதிரி. 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லைன் போடுங்க.

கையில எப்படித் தெரியும்? சரளைக் கல்லுன்னா நறநறன்னு வரும். மரம்னா கொஞ்சம் மெத்துனு ஏறி, டக்குனு எறங்கும். மீன்னா ஒரு சுண்டு, டொக். ஆனா இந்தக் குளிர்ல பல தடவை அதுவும் வராது. ஈரத்துணி தொங்குற மாதிரி ஒரு கனம், இல்லன்னா லைன் பக்கவாட்டுல நடக்கும். ஏய்... இரு இரு... போச்சு. பாத்தீங்களா, உங்ககூடப் பேசிக்கிட்டே லைனைத் தொங்க விட்டுட்டேன்.

சின்னதா, மெல்லிசா போடுற சாஃப்ட் பிளாஸ்டிக், அதை மாட்டுற நெட் ரிக், வாக்கி ரிக் முறை எல்லாம் இந்த ராடுல சரியா வராது. அதுக்கு ஏழடி மீடியம் ஸ்பின்னிங் ராட், அதாவது ரீல் கீழ தொங்குற ராட், வேணும். ரெண்டாவது ராட் வாங்குற அன்னிக்குப் பேசிக்கலாம்.

பெருமைக்கு ஒண்ணு சொல்லணும். ரப்பர் புழுவை நிக் க்ரீம்ங்கிறவர் 1949ல ஒஹையோவுல உருவாக்கினார். அந்தக் கம்பெனி பிறகு வந்து உக்காந்தது இதோ பக்கத்துல, டைலர்ங்கிற ஊர்ல. அதே மாதிரி டெக்ஸஸ் மாநிலத்தோட பெரிய பாஸ் இந்த ஏரியில 1992 ஜனவரியில வந்துச்சு, 18.18 பவுண்டு, எட்டேகால் கிலோ. புடிச்சவர் ஜிக்கும் போடல, புழுவும் போடல. க்ராப்பின்னு ஒரு சின்ன மீனுக்கு உயிரோட மீன் குஞ்சை இரையாப் போட்டுட்டு ஒக்காந்திருந்தவர். நான் இங்க தென்னை ஈர்க்கு, உலக்கைன்னு வகுப்பு எடுக்குறேன்.

மீன் கெடச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னா, இந்த ஏரியில 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவுல இருக்குற பாஸை விட்டுடணும். நமக்கு வர்ற நல்ல சைஸ் பூரா அதுக்குள்ளதான். மீன்கொழம்பு ஆசையோட யாரும் வராதீங்க.

ஐயோ, இப்ப மாட்டிக்கிச்சு. மரம்தான். இதையும் பாத்துக்கோங்க. ராடை வளைச்சு வெட்டு வெட்டுனு இழுக்காதீங்க. முக்காவாசி ராட் ஒடையுறது மீன்ல கிடையாது, இதுலயும் கார் கதவுலயும்தான். என்னோடது ஒண்ணு வீட்டு சீலிங் ஃபேன்ல போச்சு, அது தனிக் கதை. ராடை மரத்துக்கு நேரா நீட்டுங்க, ரீல்ல லைன் சுத்தியிருக்குற ஸ்பூலைக் கட்டைவிரலால அழுத்திக்கோங்க, முகத்தை அந்தாண்ட திருப்பிக்கிட்டு அப்படியே பின்னாடி நடங்க. கழண்டா ஈயம் நேரா மூஞ்சிக்குத்தான் வரும். நடக்குறேன்... நடக்குறேன்...

அறுந்துடுச்சு. போனது ஜிக்கு மட்டும்தான், ராடுக்கு ஒண்ணும் ஆகல. கேமராவை நிறுத்திட்டு முடிச்சு போடுறேன், இந்த மரத்த விரலை வச்சுக்கிட்டு ஜிக்கோட ஓட்டையில லைனைக் கோக்கவே பத்து நிமிஷம் ஆகும்.