படைப்பவரா, படைக்கப்பட்டவரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'குரு கிரந்த சாகிப் பார்வையில் பிரம்மா படைப்பவரா, படைக்கப்பட்டவரா?' இதுதான் தலைப்பு. குரு கிரந்த சாகிப் என்பது சீக்கியர்களின் புனித நூல். படைக்கப்பட்டவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், அந்த நூலின் தொடக்கத்தில் வரும் குருநானக்கின் ஜப்ஜி என்ற பாடலின் 30-வது பௌடியை, அதாவது 30-வது பத்தியைப் படித்தார். ஒரு தாய், மூன்று சீடர்கள். ஒருவர் உலகை உண்டாக்குகிறார், ஒருவர் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் தர்பார் நடத்துகிறார். 'குருநானக்கே சொல்லிவிட்டார், பிரம்மாதான் படைப்பாளி' என்று கைதட்டலும் வாங்கினார். அப்புறம் சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டார். ஏன் மூடினார்? அடுத்த வரி அவருக்கு ஆகாது! இறைவன் தன் விருப்பப்படி, தன் ஆணைப்படி அவர்களை நடத்துகிறான். அவன் அவர்களைப் பார்க்கிறான். அவர்கள் கண்ணுக்கு அவன் தென்படுவதில்லை. இது பெரிய அதிசயம் என்கிறது பௌடி. தன்னை வேலைக்கு வைத்தவரின் முகத்தையே பார்க்காத ஒருவரை முதலாளி என்கிறார் தலைவர்.

சரி, கிரந்தத்தின் முதல் வரிக்கே போவோம். இக் ஓங்கார், சத் நாம், கர்த்தா புருக்: இறைவன் ஒருவனே, உண்மையே அவன் பெயர், அவனே படைப்பவன். படைப்பவன் என்ற சொல் அங்கேயே வந்துவிடுகிறது. கூடவே இரண்டு நிபந்தனைகளும் வருகின்றன: அஜூனி, பிறப்பில்லாதவன், சைபங், தானாகவே இருப்பவன். பிரம்மா இதில் தேறுவாரா? 489-ஆம் பக்கத்தில், கூஜ்ரி ராகத்தில் குருநானக் பாடுகிறார்: தொப்புள் தாமரையிலிருந்து பிரம்மா பிறந்தார், இனிய குரலில் வேதம் ஓதினார், ஆனாலும் இறைவனின் எல்லையைக் காண முடியவில்லை, இருளிலேயே போய் வந்துகொண்டிருந்தார். பிறந்தார் என்ற ஒரு சொல் போதாதா நடுவர் அவர்களே? கிரந்தத்தில் பாடல்கள் இடம்பெற்ற ஞானி கபீர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: வேதம் படித்துப் படித்தே பிரம்மா பிறவியை வீணாக்கினாராம். அதுவும் இதே கிரந்தத்தில், 478-ஆம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கே கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது.

'குருவே ஈசர், குருவே பிரம்மா' என்று 5-வது பௌடி சொல்கிறதே என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். உயிரைக் காப்பாற்றிய டாக்டரைப் பார்த்து 'நீங்கதான் சாமி' என்கிறோம். அந்த வாக்கியம் டாக்டரைப் பற்றியதா, சாமியைப் பற்றியதா? அங்கே புகழப்படுவது குரு. பிரம்மாவின் பதவியைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை.

35-வது பௌடிக்கு வாருங்கள். 'கேதே பர்மே' என்கிறது. எத்தனை பிரம்மாக்கள்! ஒருவர் அல்ல, பன்மை. அவர்கள் பல உருவத்தில், பல நிறத்தில் செய்யப்படுகிறார்களாம். பொருளைத் தட்டி உருவாக்குவதற்குச் சொல்லும் சொல்லையே குருநானக் அங்கே போடுகிறார். செய்பவர் என்று நீங்கள் சொன்னவரே பட்டறையில் செய்பொருளாகக் கிடக்கிறார்.

இதனால் கிரந்தம் பிரம்மாவைத் துரத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் குருத்வாராவில் ரெஹ்ராஸ் என்ற மாலைப் பிரார்த்தனையை ஓதும்போது 'சோ தர்' வரும். எல்லோரையும் காக்கிற நீ அமர்ந்திருக்கும் அந்த வாசல் எப்படிப்பட்டது, அந்த வீடு எப்படிப்பட்டது என்று தொடங்கும் பாட்டு அது. அந்த வாசலில் காற்று பாடுகிறது, தண்ணீர் பாடுகிறது, நெருப்பு பாடுகிறது. தர்மராஜன் பாடுகிறான். கணக்கெழுதும் சித்திரகுப்தனும் பாடுகிறான். அதே கூட்டத்தில் ஈசரோடும் தேவியோடும் நின்று பிரம்மாவும் பாடுகிறார். அழகாகவே நிற்கிறார், குருநானக் அவரை அழகன் என்றுதான் சொல்கிறார். ஆனால் நிற்கிற இடம் வாசல். உள்ளே இருப்பவர் வேறு.

மணி அடித்துவிட்டார்கள். 30-வது பௌடியில் அவர் படிக்காமல் விட்ட வரிக்குப் பதில் வைத்திருக்கிறாரா என்று எதிரணித் தலைவரையே கேளுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.