என்.எம்.ஆர். டியூபை வரிசையில வைக்கிறதுக்கு முன்னாடி

(திரையில்: என்.எம்.ஆர். டியூப், பக்கத்துல ஸ்கேல்)

ஆர்கானிக் லேப்ல எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ சேர்ந்தவங்க கையில வாரத்துக்கு நாலு என்.எம்.ஆர். டியூபாவது இருக்கும். சாம்பிளைக் காந்தப்புலத்துல வச்சு, மூலக்கூறோட அமைப்பைக் காட்டுற ஸ்பெக்ட்ரம் எடுக்கிற முறைதான் என்.எம்.ஆர். மெஷினை ஆபரேட்டர் பாத்துப்பார். ஆனா ஸ்பெக்ட்ரம் உருப்படியா வருமாங்கிறது பெரும்பாலும் உங்க மேஜையிலயே முடிவாகிடும்.

முதல்ல அளவு. மூலக்கூறு எடை 300, 400 இருக்கிற காம்பவுண்டுக்கு, புரோட்டான் (ஹைட்ரஜன்) ஸ்பெக்ட்ரம் எடுக்க 5 முதல் 10 மில்லிகிராம் போதும். கார்பன் ஸ்பெக்ட்ரத்துக்கு 20 மில்லிகிராமாவது வேணும். அதுல தெரியுற கார்பன்-13 இயற்கையில இருக்கிற கார்பன்ல வெறும் 1.1 சதவீதம்தான். சிக்னல் ரெண்டு மடங்கு தெளிவா வரணும்னா ஸ்கேன் நாலு மடங்கு போடணும். சாம்பிள் கால் பங்கா குறைஞ்சா சிக்னலும் கால் பங்காகும், ஸ்கேன் பதினாறு மடங்கு வேணும். அதனால 20 மில்லிகிராமுக்கு 256 ஸ்கேன்ல கிடைக்கிற தெளிவு, 5 மில்லிகிராமுக்கு 4096 ஸ்கேன் போட்டாத்தான் கிடைக்கும். ஒரு ஸ்கேனுக்கு 3 விநாடின்னு வச்சா முதலாவது 13 நிமிஷம், ரெண்டாவது கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். உங்க பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முகத்தை நினைச்சுக்கோங்க. சீனியர் ஸ்பேச்சுலா முனையில கொஞ்சம் அள்ளிப் போடுறாரேன்னு நீங்களும் போடாதீங்க, எடை போடுங்க.

(திரையில்: சின்ன வயல், அதாவது குட்டிக் கண்ணாடி பாட்டில்; பாஸ்டர் பிப்பெட், அதுக்குள்ள பஞ்சு)

பொடியை நேரா டியூப்ல கொட்டி சால்வென்ட் ஊத்துறது கெட்ட பழக்கம். சின்ன வயல்ல 0.6 மில்லி சிடிசிஎல்3 (ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் இருக்கிற குளோரோஃபார்ம்) விட்டு கரைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. துகள் மிதந்தா, பாஸ்டர் பிப்பெட்டோட கழுத்துல துளி பஞ்சை இறுக்கி வச்சு, அது வழியா டியூபுக்குள்ள வடிகட்டுங்க. கரையாத துகள் காந்தப்புலத்தோட சீர்மையைக் கெடுக்கும். ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குற வேலை) சரியா உட்காராது, பீக் எல்லாம் பருத்துப் போகும். 5 மி.மீ. டியூப்ல கரைசல் நாலரை, அஞ்சு சென்டிமீட்டர் உயரம் நிக்கணும். குறைஞ்சா திரவத்தோட விளிம்பு சிக்னலைப் பிடிக்கிற காயில் பக்கத்துல வந்துடும், திரும்பவும் ஷிம் தகராறு.

காப்பர் வினையூக்கி போட்டு க்ளிக் ரியாக்ஷன்ல ட்ரையசோல் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும். காப்பர்(II) பாராமேக்னடிக், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் இருக்கிறதால காந்தப்புலத்துக்கு ஈர்க்கப்படும். கழுவினப்போ மிச்சம் நின்ன கொஞ்சூண்டு காப்பரே பீக்கை அகலமாக்கிடும். கரைசல்ல லேசா பச்சையோ நீலமோ தெரிஞ்சா டியூப்ல ஊத்தாதீங்க, காப்பரைப் பிடிச்சுக்கிற ஈ.டி.டி.ஏ. கரைசலால இன்னொரு தடவை எக்ஸ்ட்ராக்ட் பண்ணிட்டு வாங்க.

(திரையில்: ஸ்பெக்ட்ரம், 4.12, 2.05, 1.26 மூணும் ஒளிருது)

இப்போ அழைக்காம வர்ற விருந்தாளிங்க, அதாவது காம்பவுண்டோட இல்லாத பீக்குங்க. கீழ சொல்ற எண்கள், ஸ்பெக்ட்ரத்தோட பி.பி.எம். அளவுகோல்ல பீக் நிக்கிற இடம். காலம்ல (காம்பவுண்டைப் பிரிச்செடுக்கிற குழாய்) எத்தில் அசிட்டேட் ஓட்டி, ரோட்டாவேப்ல (சால்வென்ட்டை ஆவியாக்குற கருவி) அவசரமா எடுத்திருந்தா 4.12ல குவார்டெட் (நாலா பிரிஞ்ச பீக்), 2.05ல சிங்லெட் (ஒத்தை பீக்), 1.26ல ட்ரிப்லெட் (மூணா பிரிஞ்ச பீக்) நிக்கும். 5.30ல ஒத்தையா நின்னா டைகுளோரோமீத்தேன். 2.17 அசிட்டோன், டியூபை அசிட்டோன்ல கழுவி சரியா காய வைக்கலைன்னு அர்த்தம். 1.56 தண்ணீர், 7.26 சால்வென்ட்ல மிச்சமிருக்கிற சாதாரண குளோரோஃபார்ம். 0.86லயும் 1.26லயும் மொத்தையா வந்தா ஜாயிண்ட்ல தடவின கிரீஸ். இந்த எண்கள் எல்லாம் சிடிசிஎல்3ல மட்டும்தான். டி.எம்.எஸ்.ஓ.-டி6ங்கிற இன்னொரு டியூட்டீரியம் சால்வென்ட்ல சால்வென்ட் பீக் 2.50, தண்ணீர் 3.33. டி.எம்.எஸ்.ஓ. ஈரத்தை உறிஞ்சும். சென்னை மழைக்காலத்துல பாட்டிலைத் திறந்து வச்சுட்டு பேசிட்டிருந்தா 3.33ல மலையே எழும்பும்.

எத்தில் அசிட்டேட்டை விரட்ட ஒரு வழி: கொஞ்சம் டைகுளோரோமீத்தேன் விட்டு ரோட்டாவேப்ல ஆவியாக்குங்க, ரெண்டு மூணு தரம் திருப்பிச் செய்யுங்க, அப்புறம் ஹை வேக்குவம்ல ஒரு மணி நேரம்.

டியூப் கழுவ பிரஷ்ஷும் வேணாம், குரோமிக் ஆசிட்டும் வேணாம். பிரஷ் உள்சுவரைக் கீறும். கண்ணாடியில ஒட்டி நிக்கிற குரோமியமும் பாராமேக்னடிக்தான். ஓவன்ல காய வைக்கிறதா இருந்தா படுக்க வச்சு, மிதமான சூட்டுல மட்டும். அதிக சூட்டுல ரொம்ப நேரம் விட்டா வளையும், வளைஞ்ச டியூப் ஸ்பின்னர்ல (டியூபைப் பிடிச்சுச் சுத்த வைக்கிற ஹோல்டர்) ஆடும். வாய் ஓரம் உடைஞ்சதைக் குப்பையில போடுங்க. ப்ரோபுக்குள்ள (காந்தத்துக்குள்ள சிக்னலைப் பிடிக்கிற பாகம்) ஒரு டியூப் உடைஞ்சா டிபார்ட்மென்ட் மொத்தமும் வாரக்கணக்குல காத்துக் கிடக்கும்.

(திரையில்: காந்த அறை, தரையில மஞ்சள் கோடு)

400 மெகாஹெர்ட்ஸ் காந்தம் 9.4 டெஸ்லா. கரண்ட் போனாலும் காந்தம் அணையாது, சூப்பர்கண்டக்டர் காயில்ல மின்னோட்டம் சுத்திட்டே இருக்கும். தரையில போட்டிருக்கிற 5 காஸ் கோட்டைத் தாண்டும்போது ஏ.டி.எம். கார்டு, ஸ்பேனர், சாவிக்கொத்து எதுவும் பாக்கெட்ல இருக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வச்சவங்க கோட்டுக்கு வெளியவே நிக்கணும். காந்தம் க்வென்ச் ஆகி, அதாவது சூப்பர்கண்டக்டர் தன்மையை இழந்து குளிர வைக்கிற திரவ ஹீலியம் கொதிச்சு, வெள்ளைப் புகை கொட்டினா கதவைத் திறந்து விட்டுட்டு உடனே வெளிய வந்துடுங்க. ஹீலியம் அறையில இருக்கிற ஆக்சிஜனைத் தள்ளிடும்.

சொந்தமா மெஷின் இல்லாத கல்லூரிங்க ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல இருக்கிற சைஃப் மாதிரி பொது மையத்துக்கு அனுப்பும். எந்த சால்வென்ட்ல கரையும்னு நீங்களே சோதிச்சு சீட்டுல எழுதுங்க. சாதாரண குளோரோஃபார்ம், சாதாரண டி.எம்.எஸ்.ஓ. ஒரு துளி விட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும், டியூட்டரேட்டட் (டியூட்டீரியம் போட்ட) சால்வென்ட்டை வீணாக்க வேணாம். கூடவே சாம்பிள் கோட், எத்தனை மில்லிகிராம், எதிர்பார்க்கிற அமைப்பு, விஷமா, காத்துல கெட்டுப் போகுமா எல்லாம் இருக்கணும். வெறும் "ஏ1"னு ஒட்டி அனுப்பினா அதே வாரம் இன்னும் அஞ்சு "ஏ1" வரும்.

ரன் முடிஞ்சதும் டியூபை ரேக்லயே விட்டுடாதீங்க. பழைய சிடிசிஎல்3ல துளி அமிலம் சேரும், அசிட்டால், டி.எம்.எஸ். (ட்ரைமெத்தில்சிலைல்) ஈதர் மாதிரி அமிலம் தாங்காத காம்பவுண்டு அதுல உடையும். அப்படிப்பட்டதுக்கு சால்வென்ட்டை முன்னாடியே காஞ்ச பொட்டாசியம் கார்பனேட் மேல வச்சிருந்து எடுங்க, ரன் முடிஞ்ச அன்னைக்கே ஆவியாக்கி காம்பவுண்டைத் திரும்ப வயல்ல சேர்த்துடுங்க.